பழைய கன்வெர்டிபிள் காரைப் புதுப்பிப்பதும் அதன் பிறப்பு விவரங்களைத் தேடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூரையை மடக்கிவிட்டு ஓட்டும் பழைய கார் ஒன்றை வாங்கியவர்கள் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது, இது எந்த நிறத்தில் பிறந்தது, இவ்வளவு துருவுக்குப் பிறகும் தேறுமா? விடைகளை விளக்க இரண்டு கார்களை அதிகம் பயன்படுத்தியிருக்கிறேன். ஒன்று, இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை உருவான எம்ஜிபி. மற்றொன்று, 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகமான ஃபோர்டு மஸ்டாங். உங்களுடையது வேறு காராக இருந்தாலும் தேடும் முறை மாறாது.

வண்டி வந்து சேர்ந்துவிட்டது. முதலில் எதைக் கழற்றுவது?

எதையும் கழற்றாதீர்கள். அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவக்கூட வேண்டாம். முதல் இரண்டு வாரங்களுக்குக் கேமராவும் நோட்டும் போதும்.

பழைய கார் என்பது ஓர் ஆவணம். டேஷ்போர்டின் பின்னால் யாரோ சுண்ணக்கட்டியில் எழுதிய எண், ஸ்பிரிங்கின் மேல் பூசிய வண்ணப் புள்ளி, குழாயில் ஒட்டிய காகிதத் துண்டு, கம்பளத்துக்கு அடியில் கிடக்கும் ஒற்றைத் திருகு எல்லாமே அது கட்டப்பட்ட நாளின் கையெழுத்து. கம்பிப் பிரஷ் ஐந்து நிமிடத்தில் அழிப்பதை எந்த ஆவணக்காப்பகமும் திருப்பித் தராது.

படம் எடுக்கும்போது அழகான கோணம் தேட வேண்டாம். வயர் எந்தத் துளை வழியாக நுழைகிறது, பிரேக் குழாய் எந்தப் பக்கம் வளைகிறது, பீடிங் என்ற ரப்பர் பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எடுங்கள். கூரையை விரித்து ஒரு முறை, பாதி மடக்கி ஒரு முறை, முழுக்க மடக்கி ஒரு முறை எடுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்தச் சட்டத்தை மறுபடி பூட்டும்போது இந்தப் படங்களின் அருமை தெரியும். பிறகு கழற்றத் தொடங்கினால், ஒவ்வொரு பகுதியின் நட்டு போல்ட்டுகளையும் தனிப் பையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று பையின் மேல் எழுதுங்கள். தேய்ந்த பாகத்தையும் புதியது பொருந்தி உட்காரும்வரை வீசாதீர்கள். அளவுக்கும் வடிவுக்கும் அதுதான் சாட்சி.

சேசிஸ் எண், எஞ்சின் எண், பாடி எண் எல்லாம் வேறு வேறா?

வேறு வேறு. கார் தொழிற்சாலைக்குள் பல கைகள் மாறியே உருவானது. எஞ்சின் ஒரு கூடத்தில், பாடி வேறொரு கூடத்தில், சில நேரம் வேறொரு ஊரில் தயாரானது. ஒவ்வொரு இடமும் தன் கணக்குக்காக ஓர் எண் போட்டது. பதிவுச் சான்றிதழில் இருப்பது பெரும்பாலும் சேசிஸ் எண். பாடி எண் அதோடு ஒத்துப்போகாவிட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான கார்களில் அது ஒத்துப்போக வேண்டியதே இல்லை.

எஞ்சின் எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. சில கார்களில் அது எஞ்சின் உடலிலேயே அடிக்கப்பட்டிருக்கும். எம்ஜிபியில் சிறு தகடாக ரிவெட் வைத்துப் பொருத்தியிருப்பார்கள். எஞ்சினைப் பழுது பார்த்த யாரோ ஒருவர் அந்தத் தகட்டை எடுத்து வேறு எஞ்சினில் வைத்திருக்கலாம், அல்லது தொலைத்திருக்கலாம். ஆகவே தகட்டை மட்டும் பார்த்து, பிறந்தபோது இருந்த எஞ்சின் இதுதான் என்று முடிவு கட்டாதீர்கள்.

என் காரின் எண்ணில் 17 எழுத்துகள் இல்லை. போலியா?

இல்லை. 17 இடங்கள் கொண்ட எண் அமெரிக்காவில் 1981 மாடல் ஆண்டிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் எண் போட்டது. படிக்கத் தெரிந்தால் அந்தப் பழைய எண்கள் நிறையப் பேசும்.

எம்ஜிபியின் எண் ஜிஎச்என்3 (GHN3) என்று தொடங்கினால், ஜி என்பது எம்ஜி. எச் என்பது 1400 முதல் 1999 சிசி வரையிலான எஞ்சின் வகுப்பு. என் என்பது இரண்டு இருக்கைத் திறந்த கார். 3 என்பது வரிசை. அடுத்து எல் என்ற எழுத்து இருந்தால் ஸ்டியரிங் இடப்பக்கம். மூன்றாவது எழுத்து என்னுக்குப் பதிலாக டி என்று இருந்தால் அது ஜிடி, அதாவது இரும்புக் கூரை கார்.

மஸ்டாங்குக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு 5எஃப்08எஃப்100001. 5 என்பது 1965 மாடல். முதல் எஃப் டியர்பார்ன் தொழிற்சாலை. 08 கன்வெர்டிபிள். இரண்டாவது எஃப் 260 கன அங்குல வி8 எஞ்சின். கடைசி ஆறு இலக்கம் வரிசை எண். ஃபோர்டில் வரிசை 100001இல்தான் தொடங்கும். ஆக, இது முதல் எண் பெற்ற மஸ்டாங், அதுவும் கன்வெர்டிபிள். காட்சிக்காக அனுப்பப்பட்ட இந்த வெள்ளைக் காரை, விற்கக் கூடாது என்று தெரியாமலே 1964 ஏப்ரலில் நியூஃபவுண்ட்லாந்தில் ஸ்டான்லி டக்கர் என்ற விமானிக்கு விற்றுவிட்டார்கள். அவர் அதை ஆசையோடு ஓட்டினார். பிறகு ஃபோர்டு நிறுவனம் பத்து லட்சமாவது மஸ்டாங்கைக் கொடுத்து இதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இன்று டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம், ஒரு காரின் அடையாளம் எத்தனை சிறிய எழுத்துக் கோவையில் தங்கியிருக்கிறது என்று வியக்கிறேன். 11 எழுத்துகள் இல்லையென்றால் அதுவும் ஒரு வெள்ளை மஸ்டாங்தான்.

தகடும் பாடியில் அடித்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவது?

பாடியில் அடித்ததை. 1965 மஸ்டாங்கில் விவரத் தகடு ஓட்டுநர் பக்கக் கதவில் இருக்கும். கதவு என்பது விபத்துக்குப் பிறகு முதலில் மாற்றப்படும் பாகம். வேறு காரின் கதவோடு வேறு காரின் தகடும் வந்துவிடும். அடுத்த உரிமையாளர் அதை நம்பி காரை வேறு நிறத்தில் பூசுவார். உண்மையான எண் பானட்டுக்குள் உள்மட்கார்டின் மேல் விளிம்பில் அடிக்கப்பட்டிருக்கும். அதன் ஒரு பகுதியை வெளிமட்கார்டு மறைக்கும். மட்கார்டைக் கழற்றினால்தான் முழுதாகத் தெரியும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அழிந்த எண்ணை நீங்களே அடித்துக்கொள்ளாதீர்கள். மங்கிய எண்ணைத் 'தெளிவாக்க' மறுபடி அடிப்பதும் வேண்டாம். சேசிஸ் எண்ணில் கை வைப்பது பல நாடுகளில் குற்றம். அதோடு, உங்கள் நோக்கம் நல்லதாகவே இருந்தாலும், அந்தக் காரின் மீது பிறகு வரும் எவருக்கும் நம்பிக்கை பிறக்காது. துரு தின்ற பாகத்தில் எண் இருந்தால், வெட்டும் முன்பு வாகனப் பதிவு அதிகாரிகளிடம் எழுத்தில் கேளுங்கள்.

தொழிற்சாலைப் பதிவேடுகள் எங்கே கிடைக்கும்?

இது உங்கள் காரின் நிறுவனத்தைப் பொறுத்தது. இதில் நியாயமே கிடையாது. சில கார்களுக்குத் தாய் தந்தை பெயர் முதல் எழுதிய ஜாதகம் கிடைக்கும். சிலவற்றுக்கு ஒரு வரிகூடக் கிடைக்காது.

எம்ஜி, ஆஸ்டின்-ஹீலி, டிரையம்ஃப் போன்ற பிரிட்டிஷ் கார்களுக்கு இங்கிலாந்தின் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தின் காப்பகம் இருக்கிறது. சேசிஸ் எண்ணும் உரிமைக்கான ஆதாரமும் கொடுத்தால், பதிவேட்டைப் பார்த்து ஹெரிட்டேஜ் சான்றிதழ் தருவார்கள். கட்டிய நாள், அனுப்பிய நாள், எந்தச் சந்தைக்குப் போனது, நிறம், உட்புற நிறம், எஞ்சின் எண், தொழிற்சாலையிலேயே பொருத்திய கூடுதல் வசதிகள் என்று பதிவேட்டில் இருப்பவை அதில் வரும். ஜாகுவாருக்கும் இதுபோன்ற சான்று உண்டு. மெர்சிடிஸ்-பென்ஸ் காரோடு டேட்டா கார்டு என்ற அட்டை வந்தது. நிறம், உட்புறம், கூடுதல் வசதிகள் குறியீடுகளாக அதில் இருக்கும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கன்வெர்டிபிள் வைத்திருப்பவர்கள் வொல்ஃப்ஸ்பர்க்கில் உள்ள ஃபோக்ஸ்வாகன் அருங்காட்சியக அறக்கட்டளையிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்கலாம்.

அமெரிக்க ஃபோர்டு கார்களுக்கு மார்ட்டி அறிக்கை என்று ஒன்று உண்டு. ஃபோர்டின் உற்பத்தித் தரவை உரிமத்தோடு பயன்படுத்தித் தயாரிப்பது. ஆனால் அந்தத் தரவு 1967 மாடலிலிருந்துதான் தொடங்குகிறது. 1965, 1966 மஸ்டாங் வைத்திருப்பவருக்குக் கதவுத் தகடும் காரின் உடலும்தான் ஆதாரம். செவர்லே நிலைமை இன்னும் கடினம். 1960களின் செவர்லே கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனிப் பதிவு இன்று கிடைப்பதில்லை. அங்கே உதவுவது பில்ட் ஷீட் என்ற காகிதம். எந்தக் காரில் எதைப் பூட்ட வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொன்ன அச்சுத்தாள் அது. வேலை முடிந்ததும் சீட் ஸ்பிரிங்குக்குள்ளோ பெட்ரோல் டாங்கின் மேலோ சிக்கி அப்படியே போய்விட்டது. ஆகவே பழைய சீட்டைப் பிரிக்கும்போது குப்பை என்று எதையும் உதறாதீர்கள். டாங்கை இறக்கும்போது மேல்பக்கத்தை முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள். மக்கிய தாளைக் கையால் பிய்க்காமல், இருக்கும் இடத்திலேயே பல முறை படம் எடுத்துவிட்டுப் பிறகு தொடுங்கள்.

பதிவேட்டில் எல்லாமே இருக்குமா?

இராது. விற்பனையாளர் பொருத்திய ரேடியோ, விளக்கு, கண்ணாடி எதுவும் தொழிற்சாலைக் கணக்கில் வராது. உதிரிகளாகப் பெட்டியில் ஏற்றுமதியாகி வேறு நாட்டில் பூட்டப்பட்ட கார்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அப்படி எம்ஜிபி பூட்டினார்கள். அங்கே அடித்த நிறத்தைத் தாய்த் தொழிற்சாலையின் பதிவேட்டில் தேடிப் பயனில்லை.

இது உண்மையிலேயே கன்வெர்டிபிளாகப் பிறந்ததா, இரும்புக் கூரையை வெட்டி எடுத்ததா?

கேட்க வேண்டிய கேள்வி. திறந்த கார்களுக்கு மதிப்பு அதிகம் என்பதால் கூரையை அறுத்தவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் எண்ணைப் பாருங்கள். மஸ்டாங்கில் 08 கன்வெர்டிபிள், 07 இரும்புக் கூரை. கதவுத் தகட்டில் கன்வெர்டிபிளுக்கு 76ஏ, இரும்புக் கூரைக்கு 65ஏ. 1967 செவர்லே கமாரோ வி8இன் பாடித் தகட்டில் 12467 என்றிருந்தால் கன்வெர்டிபிள், 12437 என்றால் கூபே, அதாவது இரும்புக் கூரை கார்.

அடுத்து உடலைப் பாருங்கள். கூரை இல்லாத காருக்குத் தொழிற்சாலை வேறு இடத்தில் பலம் கொடுத்திருக்கும். கர்மான் நிறுவனம் பீட்டிலைத் திறந்த காராக மாற்றியபோது கதவுகளுக்குக் கீழே கூடுதல் உத்தரங்களைச் சேர்த்தது. மஸ்டாங் கன்வெர்டிபிளின் தரையிலும் கதவுக்குக் கீழுள்ள பெட்டியிலும் தடித்த தகடுகள் உண்டு. முதல் தலைமுறை கமாரோ கன்வெர்டிபிளில் இன்னொரு வேடிக்கையான பொருளும் உண்டு: நான்கு மூலைகளிலும் கனமான உருளைகள். உள்ளே ஸ்பிரிங்கில் தொங்கும் எடை, உடல் அதிரும்போது எதிர்த்திசையில் ஆடி அதிர்வைக் குறைக்கும். பார்க்க ஒன்றுக்கும் உதவாத டப்பா போலிருக்கும். எடை குறைக்கிறேன் என்று எத்தனையோ பேர் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். உங்கள் காரில் அது இருந்தால், தயவுசெய்து பத்திரப்படுத்துங்கள்.

வார்ப்பு பாகங்களில் இருக்கும் தேதி எழுத்துகள் எதற்கு?

காரின் நாளை உறுதி செய்ய. ஃபோர்டின் வார்ப்பில் 5சி14 என்றிருந்தால் 1965 மார்ச் 14. ஏ ஜனவரி, பி பிப்ரவரி என்று போகும். 1 என்ற எண்ணோடு குழம்பும் என்பதால் ஐ (I) எழுத்தை விட்டுவிடுவார்கள். பாகத்தின் தேதி கார் கட்டிய தேதிக்குச் சில நாள் அல்லது சில வாரம் முந்தியதாக இருக்க வேண்டும். கார் கட்டியதற்குப் பிந்தியதாக இருந்தால் அந்தப் பாகம் பிறகு வந்தது, சந்தேகமே இல்லை. இது ஒரு தலைகுனிவு அல்ல. அறுபது ஆண்டு ஓடிய காரில் ஒரு கார்புரேட்டர் மாறியிருப்பது இயற்கை. மாறியதை மாறியது என்று எழுதி வைப்பதுதான் நேர்மை.

பிறந்தபோது என்ன நிறம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தகட்டில் குறியீடு இருந்தால் பாதி வேலை முடிந்தது. இருந்தாலும் காரையே கேளுங்கள். மறுபடி பெயின்ட் அடித்தவர்கள் வெயில் படும் இடத்தில்தான் அடித்திருப்பார்கள். டேஷ்போர்டின் உட்பக்கம், ஹீட்டருக்குப் பின்னால், கதவு அட்டையைக் கழற்றினால் தெரியும் இரும்பு, பீடிங் உட்கார்ந்திருந்த பள்ளம், கன்வெர்டிபிளில் மட்டும் கூடுதலாக, மடக்கிய கூரை போய்ப் படுக்கும் கிணற்றின் அடிப்பகுதி ஆகியவற்றைப் பாருங்கள். அந்தக் கிணற்றுக்குள் ஸ்பிரே துப்பாக்கியை நீட்டும் பொறுமை மிகச் சிலருக்கே இருந்திருக்கிறது.

டிக்கி மூடி போன்ற ஓர் இடத்தில் மெல்லிய உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, சிறு வட்டமாகத் தேயுங்கள். மரத்தின் ஆண்டு வளையம் போல ஒவ்வொரு அடுக்கும் ஒரு வளையமாகத் தெரியும். நடுவில் இரும்பு, அதைச் சுற்றித் தொழிற்சாலை பிரைமர், அதற்கு வெளியே முதல் நிறம், பிறகு ஒவ்வொரு உரிமையாளரின் ஆசை. ஆனால் அந்த பேனலே மாற்றப்பட்டதாக இருக்கலாம் என்பதால் குறைந்தது மூன்று இடங்களில் செய்து ஒப்பிடுங்கள்.

மஸ்டாங் தகட்டில் நிறக் குறியீட்டின் இடம் வெறுமையாக இருந்தால் பலர் தகடு போலி என்று நினைக்கிறார்கள். சிறப்பு ஆர்டரில் அடித்த நிறங்களுக்கு அப்படித்தான் விட்டார்கள். அப்படிப்பட்ட காரில் இந்த வளையங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை.

நிறத்தைப் பொருத்தும்போது வெளிச்சம் படாத துண்டை மாதிரியாகக் கொடுங்கள். பானட்டின் மேலிருந்து எடுத்த மாதிரி வெளுத்துப்போன நிறத்தைத்தான் தரும்.

அந்தக் காலத்துப் பெயின்டையே அடிக்க வேண்டுமா?

அந்தக் காலத்துச் செல்லுலோஸ் பெயின்டின் மென்மையான பளபளப்பு எனக்குப் பிடிக்கும். கீறினாலும் சுலபமாகச் சீர்செய்யலாம். ஆனால் மெலிதாக உட்காரும், அடிக்கடி பாலிஷ் கேட்கும், சில நாடுகளில் அதன் விற்பனைக்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. இன்றைய இரண்டு பகுதிப் பெயின்ட் நீண்ட நாள் நிற்கும். அதைத் தேர்ந்தெடுத்தால், மெட்டாலிக் அல்லாத நிறங்களுக்கு மேலே கிளியர் என்ற நிறமற்ற பூச்சு அடிக்காத வகையைக் கேளுங்கள். தோற்றம் பழையதுக்கு நெருக்கமாக வரும். அதன் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் இருக்கிறது. சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று தரும் முகமூடி இல்லாமல் அடிப்பது நுரையீரலைப் பணயம் வைப்பதாகும்.

துருப்பிடித்த கீழ்ப்பகுதியை வெட்டி மாற்றினேன். இப்போது கதவு மூடவில்லை. ஏன்?

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது, ஏனென்றால் தவிர்த்திருக்கக்கூடிய இழப்பு இது.

இரும்புக் கூரை கார் ஒரு மூடிய பெட்டி. கூரையும் தூண்களும் பாரத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும். கன்வெர்டிபிளில் அந்த மேல்பாதி இல்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே காரை வளையாமல் பிடித்திருப்பது தரையும் நடுச் சுரங்கமும் இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற பெட்டியும்தான். எம்ஜிபியில் அந்தச் சில் ஒரே தகடு அல்ல. வெளித்தகடு, உள்ளே ஒரு தடுப்புத் தகடு, உள்பக்கத் தகடு, அடியில் கோட்டைச் சுவர் போல் மேடு பள்ளமான ஒரு பகுதி எல்லாம் சேர்ந்த கூட்டு. வெளியே புதுத் தகடு பளபளக்க, உள்ளே எல்லாம் தூளாகிப்போன கார்கள் ஏராளம். வெளித்தகட்டின் மேலேயே இன்னொரு தகட்டை ஒட்ட வைத்து வெல்டிங் செய்திருப்பதும் உண்டு.

அந்தச் சில்லை வெட்டிய நொடியில் கார் நடுவில் தொய்கிறது. கண்ணுக்குத் தெரியாது, மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அந்த நிலையிலேயே புதுச் சில்லை வெல்டிங் செய்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும். கதவின் மேல் இடைவெளி குறுகி, கீழே விரிந்து நிற்கும்.

முறை இது. வெட்டும் முன்பே, கதவுகள் நன்றாக மூடும் நிலையில், இடைவெளிகளை அளந்து எழுதுங்கள். காரை, சஸ்பென்ஷன் அதன் எடையைத் தாங்கும் இடங்களில் ஸ்டாண்டு வைத்து மட்டப்படுத்துங்கள். நடுவில் ஜாக்கி கொடுக்காதீர்கள். கதவு வாசலின் குறுக்கே, கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு, இரும்புச் சட்டம் வைத்து இறுக்குங்கள். காருக்குள்ளும் இடமிருந்து வலமாக ஒரு சட்டம் வேண்டும். வேலை செய்யும்போதே கதவை மாட்டிப் பார்க்க வழி இருக்கும்படி அந்தச் சட்டங்களை அமையுங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே அடுத்த பக்கத்தைத் தொடுங்கள். புதுச் சில்லைப் பொட்டு வெல்டிங்கில் பிடித்துவைத்து, மட்கார்டையும் கதவையும் மாட்டி, இடைவெளியை அளந்து, சரி என்றால் மட்டும் முழு வெல்டிங். அவசரப்பட்ட ஒரு நாள், பிறகு பட்டி வைத்து மறைக்கும் ஒரு வாரமாகும். பட்டி இடைவெளியை மறைக்கும், பலத்தைத் தராது.

எம்ஜிபி உரிமையாளர்களுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே முழு எம்ஜிபி பாடிகளைத் தயாரித்தது. அழிந்த காருக்கு அது மறுவாழ்வு. ஆனாலும் காப்பாற்றக்கூடிய பாடியைப் புதுப் பாடிக்காகக் கைவிடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பாடியோடு அத்தனை சாட்சியமும் போய்விடுகிறது.

மணல் பீய்ச்சித் துரு எடுக்கலாமா, அமிலத்தில் முக்கலாமா?

தடித்த பாகங்களுக்கு மணல் சரி. பானட், கதவு, டிக்கி மூடி போன்ற அகன்ற மெல்லிய தகடுகளில் கடும் அழுத்தத்தோடு மணல் அடித்தால் அலை அலையாக நெளிந்துவிடும்; எந்த டிங்கரிங் கைக்கும் அதைத் திருப்புவது கடினம். அமிலம் எல்லா இடுக்கிலும் புகும். புகுந்தது முழுவதும் வெளியே வராவிட்டால், புதுப் பெயின்ட் அடித்த அடுத்த ஆண்டே மடிப்புகளிலிருந்து கசியும். எதைச் செய்தாலும் அன்றே எபாக்சி பிரைமர், வேலை முடிந்ததும் பெட்டிப் பகுதிகளுக்குள் துரு தடுக்கும் மெழுகு. திறந்த காரில் தண்ணீர் உள்ளே வந்தே தீரும். வடிகால் துளைகளைப் பெயின்டாலும் மெழுகாலும் அடைத்துவிடாதீர்கள்.

வெல்டிங் செய்யும்போது ஒரு எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் வெல்டிங் தீப்பொறி பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய நச்சு வாயு உண்டாகலாம். அந்த டப்பாவை வெல்டிங் நடக்கும் கூடத்திலேயே வைக்காதீர்கள்.

கூரைத்துணியை நானே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் துணி கடைசி வேலை. புதுத் துணி சுருங்குகிறது, கண்ணாடியோடு சேரவில்லை என்று புலம்புபவர்களில் பெரும்பாலானோர் வளைந்த சட்டத்தின் மேல் நல்ல துணியைப் போட்டவர்கள். கதவு சரியாக உட்கார வேண்டும், பிறகு கதவுக் கண்ணாடி, பிறகு கூரைச் சட்டம், பிறகு ரப்பர் பீடிங். இந்த வரிசை முடிந்தபின்தான் துணி.

எந்தத் துணி என்பதும் தொழிற்சாலை விவரம்தான். சில கார்களுக்கு ரெக்சின், சிலவற்றுக்கு நெய்த துணி. எம்ஜிபியின் முந்தைய கார்களில் காரோடு இணைந்து மடங்கும் கூரையும் உண்டு, முழுவதும் கழற்றி டிக்கியில் வைக்கும் கூரையும் உண்டு. உங்கள் காரில் எந்தச் சட்டத்தைப் பொருத்தும் இடங்கள் இருக்கின்றன என்று பாடியிலேயே பாருங்கள். ரெக்சினை வெதுவெதுப்பான அறையில் பொருத்துங்கள். குளிரில் இழுத்தால் இழுபடாது, பிறகு வெயிலில் தொய்யும். பிளாஸ்டிக் பின்கண்ணாடியைக் குளிரில் மடிக்காதீர்கள். ஈரத் துணியை மடக்கி வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

வயரிங் முழுவதையும் மாற்றுவதா?

உறை பொடிந்து உதிர்ந்தால் மாற்றுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்களில் லூகாஸ் என்ற மின்பாக நிறுவனத்தின் நிற ஒழுங்கு இருக்கிறது: பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது, வெள்ளை சாவி திருகினால் வருவது, பச்சை அதே ஆனால் ஃபியூஸ் வழியாக, ஊதா எப்போதும் உள்ளது ஆனால் ஃபியூஸ் வழியாக, கறுப்பு பூமி இணைப்பு. இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 1967க்கு முந்தைய எம்ஜிபியில் பேட்டரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். அது தெரியாமல் இன்றைய ரேடியோவைப் பொருத்தினால் உடனே கருகும். பழைய வயர்க்கட்டை, புதியது எல்லா விளக்கையும் எரிய வைக்கும்வரை, விரித்துச் சுவரில் மாட்டி வையுங்கள்.

ஈயமில்லாத பெட்ரோல் பழைய எஞ்சினைக் கெடுக்குமா?

பழைய வால்வு இருக்கைகளுக்கு ஈயம் ஒரு காப்பாக இருந்தது. 2021இல் கடைசி நாடும் கார்களுக்கான ஈயப் பெட்ரோலை நிறுத்திவிட்டது. நிதானமாக ஓட்டும் காரில் தேய்மானம் மெதுவாகவே வரும். எஞ்சின் ஹெட்டை எப்படியும் பிரிக்கும்போது கடினப்படுத்திய இருக்கைகளைப் போட்டுவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை உப்ப வைக்கும். அவற்றைத் தாமதிக்காமல் மாற்றுங்கள். தீ விபத்துக்கு அதுவே நேர்வழி.

பிரேக்கும் சீட் பெல்ட்டும் பழையபடியே இருக்க வேண்டுமா?

ஓட்டப்போகும் காரில் உயிருக்கு முதலிடம். ஒரு சுற்று பழுதானாலும் மற்றது பிடிக்கும் இரட்டைச் சுற்று பிரேக், சீட் பெல்ட், நல்ல டயர் மூன்றையும் தயங்காமல் சேர்க்கலாம், ஒரே நிபந்தனையோடு: புதிதாக எதையும் வெட்டாமல், பழையதைத் திரும்பப் பூட்டும்படி செய்யுங்கள், கழற்றியதைப் பெட்டியில் போட்டு வையுங்கள். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

முழுவதும் புதுப்பிப்பதா, இருப்பதைக் காப்பதா?

பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா, 1966 முதல் இயங்குகிறது. 2012இல் அது ஏற்றுக்கொண்ட டியூரின் சாசனம் இந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்டது போல் இருக்கும். இருப்பதைப் பாதுகாப்பதையும் இழந்ததை மீட்பதையும் அது பிரித்துப் பார்க்கிறது. செய்த வேலைகளை ஆவணப்படுத்தவும் சொல்கிறது.

என் நிலைப்பாடு வெளிப்படையானது. தொழிற்சாலைப் பெயின்ட் பாதியாவது நிற்கும் காரை உரித்துவிடாதீர்கள். வெடித்த தோல் சீட்டைத் தைத்துக் காப்பாற்ற முடிந்தால் காப்பாற்றுங்கள். பலம் போன இரும்பை மட்டும் ஈவிரக்கமின்றி மாற்றுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததைவிடப் பளபளப்பாக்க வேண்டும் என்ற ஆசையும் ஒருவகை அழிப்புதான். எம்ஜிபி தயாரித்தவர்கள் அடிப்பக்கத்தைக் கண்ணாடி போல் தேய்க்கவில்லை. பெயின்ட் வழிந்த கோடுகள் அங்கே இருந்தன. அந்தக் கோட்டைப் படம் எடுத்து வைத்து, திரும்பவும் அப்படியே வழிய விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் கொண்டாடுகிறேன்.

வேலை முடிந்தபின் எந்தத் தாள்களை வைத்திருக்க வேண்டும்?

எல்லாவற்றையும். வாங்கிய நாள் எடுத்த படங்கள், காப்பகத்திலிருந்து வந்த சான்று, நிற வளையங்களின் படம், கதவு இடைவெளி அளவுகள், எந்தப் பாகம் பிறப்பிலிருந்து இருப்பது, எது பிறகு வந்தது, எது நீங்கள் புதிதாகச் செய்தது என்ற பட்டியல். முந்தைய உரிமையாளர்கள் உயிரோடு இருந்தால் இப்போதே பேசி, அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதுங்கள். பழைய ஆல்பத்தில் காரின் முன் நின்று எடுத்த படம் ஒன்றாவது இருக்கும், அதில் சக்கர மூடியும் கூரையின் நிறமும் தெரியும். அந்தப் படத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தொகுப்பின் ஒரு படியைக் காரோடும் மற்றொன்றை வேறு இடத்திலும் வையுங்கள். காரை விற்கும் நாளில் சாவியோடு சேர்த்து அந்தத் தொகுப்பையும் கொடுத்துவிடுங்கள்.